மாமாவுக்கு எப்ப வந்துச்சு அந்தச் சீக்கு?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியலைங்க. காத்து தூக்கி அடிச்சதுல வாழை ஏகமா சாஞ்சிருச்சு. மூங்கில் வாங்கறதும் முட்டுக் குடுக்கறதுமாவே பொழுது போயிருச்சு. வாழைக் கதையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இன்னிக்கு என்ற தாய்மாமனைப் பத்தி எழுதணும். எழுதட்டுங்களான்னு அவர்கிட்டயே கேட்டேன். "பேரு கீரு போடாம எழுதிக்கோ மாப்ள"ன்னு சொல்லிட்டார்.

மாமா ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல ஒரு இட்டேறிதான். ரெண்டும் அன்னூர்ப் பக்கம். 1983-ல பத்தொம்பது வயசுல பட்டாளத்துல சேர்ந்தார். கோயமுத்தூர்ல ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு ஊர்ல இருந்து ஆறு பேர் பஸ் ஏறிப் போயிருக்காங்க. ஓட விட்டு, மார் அளந்து, கண்ணு காது பார்த்து, துணியெல்லாம் கழட்டச் சொல்லிச் சோதிச்சு, கடைசில ரெண்டு பேரை எடுத்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் மாமா. 1992-ல திரும்பி வந்தார். பென்சனோட வரலை, வலிப்போட வந்தார்.

நான் முதல் தடவை அதைப் பார்த்தப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். சோளத்தட்டு அறுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. நின்னுக்கிட்டிருந்த மனுசன் வெட்டின மரமாட்டம் சாஞ்சார். கை கால் இழுக்குது, வாயில நுரை. நான் அலறிக்கிட்டு ஓடிட்டேன். எங்க அமுச்சி ஓடி வந்து இடுப்புல இருந்த சாவிக்கொத்தை அவர் கையில திணிச்சுது. அன்னில இருந்து மாமா அரைஞாண் கயித்துல ஒரு பெரிய இரும்புச் சாவி தொங்கும். எந்தப் பூட்டுக்கும் அது சேராது. (இரும்பு குடுத்தா வலிப்பு நிக்காதுங்க. அது தானா நிக்கும். பக்கத்துல கல்லு கத்தி இல்லாமப் பார்த்துக்கிட்டு, ஆளை ஒருச்சாச்சுப் படுக்க வெக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது. அஞ்சு நிமிசம் தாண்டியும் நிக்கலைன்னா வண்டி புடிச்சு ஆஸ்பத்திரி. இது எனக்கு நாப்பது வயசுலதான் தெரிஞ்சுது.)

ஊர் என்ன பேசுச்சுங்கறதை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாளத்துல தாக்குப் புடிக்காம வந்துட்டான், குடியா இருக்கும், குலதெய்வத்துக்குக் குறை வெச்சிருக்காங்க, அவங்க வகையறாவுலயே இருக்கு. கடைசியாச் சொன்னதுதான் அதிகமாச் சுத்துச்சு. மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ராத்திரி கேட்டுல விழுந்ததும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. அப்பறம் ரெண்டு ஏக்கர் மானாவாரியும் நாலு எருமையும்தான். மாத்திரை மட்டும் முப்பது வருசமா காசு குடுத்து வாங்கறார். முன்னாள் ராணுவத்தாருக்கு வைத்தியம் பார்க்கற திட்டம் இருக்குதுங்களே, அதுக்கு பென்சன் வாங்கறவரா இருக்கணும்.

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். 2019-ல மாமா பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு. நல்ல எடம். அவங்க தரப்புல ஒருத்தர் என்னை அன்னூர் டீக்கடையில ஓரமாக் கூப்பிட்டு, "பொண்ணோட அப்பனுக்கு வலிப்பாமே, பரம்பரையா வர்றதுங்களா?"ன்னு கேட்டார். எங்க அமுச்சி வழில, அப்புச்சி வழில, எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்கும் அது கிடையாது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் "சரியாத் தெரியலீங்க"ன்னு சொல்லிட்டு டீக்குக் காசு குடுத்துட்டு வந்துட்டேன். அந்த வரன் தட்டிப் போச்சு. அப்பறம் அந்தப் புள்ளைக்கு திருப்பூர்ல கல்யாணமாகி இப்ப நல்லாத்தான் இருக்குது. ஆனாலும் அந்த "சரியாத் தெரியலீங்க" எனக்குள்ள முள்ளாட்டம் கெடந்துச்சு.

2023-ல ஒரு நாள் மாமாவுக்கு மாத்திரை வாங்கவும் எனக்கு மோட்டாருக்கு பேரிங் வாங்கவும் காந்திபுரம் போனோம். சரவணம்பட்டி தாண்டி பஸ் நெரிசல்ல நின்னுக்கிட்டிருந்தப்ப பக்கத்து சீட்டுக்காரர் மாமாவோட பேச்சுக் குடுத்தார். ரிட்டயர்டு சுபேதாராம். நிக்கற தோரணையப் பார்த்தே கண்டுபுடிச்சிருக்கார்.

"எந்த வருசம் வந்தீங்க?"

"தொண்ணூத்தி ரெண்டுங்க. போர்டு அவுட்."

"எத்தனை பர்சன்ட்?"

"இருவதுங்க."

"பென்சன் எவ்வளவு வருது?"

"பென்சன் இல்லீங்க. அப்ப ஒரு தொகை குடுத்தாங்க, அதோட சரி."

அந்த மனுசன் சீட்டை விட்டே எந்திரிச்சுட்டார். "இருவதுன்னா இருக்கோணுமே! எட்டு வருசம் சர்வீஸா இருந்தாலும் சரி, எட்டு மாசமா இருந்தாலும் சரி. சர்வீஸால வந்த சீக்குன்னா பென்சன் உண்டுங்க. இல்லைன்னு எழுதிட்டாங்களா?" இறங்கறதுக்குள்ள ஒரு துண்டுச் சீட்டுல காந்திபுரம் வக்கீல் ஒருத்தர் விலாசத்தை எழுதிக் குடுத்தார். பேரிங் அன்னிக்கு வாங்கலை.

நம்பர் போட்ட வீதில ஒண்ணுல, ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி. வக்கீலம்மா பட்டாளத்துக்காரங்க கேஸாவே பார்க்கறவங்க. நான் நினைச்சேன், வலிப்பு எப்ப வந்துச்சு, எதனால வந்துச்சு, டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கான்னு கேப்பாங்கன்னு. அவங்க கேட்ட முதல் கேள்வியே வேற. "சேரும்போது உங்க உடம்புல ஏதாவது குறைன்னு எழுதினாங்களா?"

"குறை இருந்தா எடுத்தே இருக்க மாட்டாங்களே."

"அதாங்க உங்க கேஸ்."

அப்பறம் அவங்க விளக்கினதை எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதறேன். ராணுவத்துல உடம்பு கெட்டு வெளிய வர்றவங்களுக்கான விதிகள் 1982-ல போட்டது. அதுல ரெண்டு வார்த்தைதான் எல்லாம். ஒண்ணு, சீக்கு சர்வீஸால வந்திருக்கணும். இல்லைன்னா, முன்னாடி இருந்தது சர்வீஸால அதிகமாகியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு இருந்து, ஊனம் இருவது சதத்துக்குக் குறையாம இருந்தா பென்சன். அது சர்வீஸாலதான்னு நிரூபிக்க வேண்டியது சிப்பாய் கிடையாது. சேரும்போது நல்லா இருக்கான்னு எழுதி எடுத்துக்கிட்டா, பின்னாடி வர்ற சீக்கு அங்க வந்ததாத்தான் வெச்சுக்கணும். இல்லை, இது முன்னாடியே உள்ளுக்குள்ள இருந்துச்சு, சோதிச்சப்ப கண்டுபுடிக்க முடியாதுன்னு மெடிக்கல் போர்டு சொன்னா, ஏன்னு காரணம் எழுதணும். சந்தேகம்னு வந்தா அதோட பலன் சிப்பாய்க்கு.

1982-லயே இதெல்லாம் எழுத்துல இருக்குதுங்க. ஆனா ஆபீசுகள்ல நடந்தது தலைகீழ். போர்டுல ஒரு வரில "சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை"ன்னு எழுதுவாங்க, காரணம் இருக்காது, பென்சன் ஆபீஸ் அதையே நகல் எடுத்து அனுப்பும்.

தரம்வீர் சிங்குன்னு ஒரு சிப்பாய். 1985-ல சிக்னல்ஸ் பிரிவுல சேர்ந்தவர், 1994-ல அனுப்பிட்டாங்க. அவருக்கும் வலிப்பு, அவருக்கும் இருவது சதம். ஐகோர்ட்டுல ஒரு தடவை ஜெயிச்சு, அங்கயே பெரிய பெஞ்சுல தோத்து, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 2013 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு. சேரும்போது குறை எழுதலை, இல்லைன்னு சொல்றதுக்குக் காரணமும் எழுதலை, அதனால சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும்னு விதியை வரி வரியா எடுத்து வெச்சு, பென்சன் குடுன்னு சொல்லிட்டாங்க. அவர் வெளிய வந்து பத்தொம்பது வருசம் கழிச்சு. வக்கீலம்மா அதைச் சொல்லச் சொல்ல மாமா மேஜை மேல இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

இறங்கி வர்றப்ப மாடிப்படில நின்னு எங்கிட்ட கேட்டார். "மாப்ள, கண்ணபுரம் சந்தைல காளை வாங்கறோம். பல்லைப் பார்க்கறோம், சுழி பார்க்கறோம், குளம்பைத் தூக்கிப் பார்க்கறோம், நடக்க விட்டுப் பார்க்கறோம். துண்டுக்குள்ள கையப் போட்டு வெலை பேசி ஓட்டிட்டு வர்றோம். எட்டு வருசம் ஏர்லயும் வண்டிலயும் பூட்டிட்டு, அது நொண்டுனதுக்கப்பறம் வித்தவன்கிட்டப் போயி, பொறக்கறப்பவே நொண்டிடான்னு சொன்னா ஒத்துக்குவானா?" அந்த விதியை இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தோணுச்சு.

வலிப்புல இன்னொரு சங்கதி இருக்குதுங்க. உலகத்துல இந்தச் சீக்கு இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு எதனால வந்துச்சுன்னே தெரியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரிய டாக்டருக்கே தெரியாததை, ஏழாவது படிச்ச சிப்பாய் எப்படி நிரூபிப்பான்? அமெரிக்காவுலயும் இதே தகராறு நடந்திருக்குது. வியட்நாம் காட்டுல இலை உதிர்றதுக்கு ஏஜண்ட் ஆரஞ்சுன்னு ஒரு மருந்தை விமானத்துல இருந்து அடிச்சாங்க. அங்க இருந்து வந்த சிப்பாய்களுக்குப் பின்னாடி புத்துநோயெல்லாம் வந்தப்ப, அதாலதான் வந்துச்சுன்னு நிரூபின்னு வருசக்கணக்கா அலைய விட்டாங்க. 1991-ல சட்டம் போட்டுத்தான், அந்த மண்ணுல நின்னவனுக்கு இன்ன இன்ன சீக்கு வந்தா சர்வீஸால வந்ததாவே எடுத்துக்கலாம்னு ஆச்சு. அந்த மருந்துல பாதி 2,4-டி. இன்னிக்கும் நாம களைக்கு வாங்கி அடிக்கறோமே, அதேதாங்க. கெட்ட நஞ்சு இன்னொரு பாதிலதான் இருந்துச்சுங்கறாங்க. இருந்தாலும் அன்னில இருந்து டின்னைத் தொடறப்ப எனக்குக் கை கொஞ்சம் யோசிக்குது.

சரி, மாமா கதைக்கு வர்றேன். போர்டு நகல் வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டோம். பதில் சீக்கிரமே வந்துச்சு. பென்சன் இல்லாதவங்க ஆவணங்களை 25 வருசம்தான் வெச்சிருப்போம், காலம் முடிஞ்சதால அழிச்சாச்சு. நாலு வரி, ஒரு கையெழுத்து.

அதைப் படிச்சதும் வக்கீலம்மா முகம் மாறிருச்சு. 2008-ல புது விதிகள் வந்திருக்குது. அதுல, வெளிய வந்து 15 வருசத்துக்கு மேல ஆகி, ஆவணங்களும் அழிஞ்சதுக்கப்பறம் வந்து கேட்டா, நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேக்கறவன் மேலன்னு எழுதியிருக்காங்க. "நம்ம கேஸ் 82 விதிலதான் வரும்னு நான் வாதாடுவேன். ஆனா எதிர்த்தரப்பு இதைத்தான் தூக்கிப் புடிக்கும். உங்ககிட்ட ஏதாவது ஒரு காகிதம் இருக்கா?"ன்னாங்க. பென்சன் குடுக்காததால ஆவணத்தை அழிப்பாங்களாம், ஆவணம் இல்லாததால பென்சன் குடுக்க மாட்டாங்களாம். கேக்கறப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மாமா ஒண்ணும் சொல்லலை. "எல்லாத்தையும் போகிக்கு எரிக்கச் சொல்லி அம்மாகிட்ட குடுத்துட்டேனுங்க, அந்த வருசமே"ன்னார்.

அமுச்சி போயி பதினோரு வருசம் ஆச்சு. அதோட தகரப் பெட்டி சாளை அட்டாலில கெடந்துச்சு. அமுச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனா முத்திரை போட்ட காகிதம் எதுவா இருந்தாலும் பட்டா மாதிரின்னு நினைச்சுக்கும். பெட்டியத் திறந்தா, மேல கிஸ்தி ரசீது, அதுக்குக் கீழ கூட்டுறவு சொசைட்டி பாஸ் புத்தகம், கோயில் வரி ரசீது, எல்லாத்துக்கும் அடில மஞ்சத் துணில சுத்தி மாமாவோட காகிதம் மொத்தமும். பூச்சி ஓரத்தைத் தின்னிருந்துச்சு, எழுத்துல வாய் வெக்கலை.

1993-ல வந்த நிராகரிப்புக் கடிதம் அதுல இருந்துச்சு. சீக்கு பேரு, இருவது சதம், சர்வீஸால வந்ததுமில்லை அதிகமானதுமில்லை, ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் செய்யலாம். அப்பறம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை, கான்ஸ்டிட்யூஷனல். அன்னிக்கு அதை ஒரு வாத்தியார்கிட்டக் காட்டியிருக்காங்க. அவர் டிக்சனரியப் பார்த்து "அரசியல் சட்டப்படி குடுக்க முடியாதுன்னு போட்டிருக்கான்"னு சொல்லிட்டாராம். நாட்டோட சட்டமே குடுக்காதேன்னு சொன்னதுக்கப்பறம் யார்கிட்டப் போறதுன்னு மாமா முப்பது வருசம் பேசாம இருந்துட்டார். உடம்பு வாகுலயே இருக்கறதுன்னு அர்த்தமாம். வக்கீலம்மா சொன்னப்ப மாமா சிரிச்சார். நெம்ப நேரம் சிரிச்சார். எனக்குத்தான் பொக்குன்னு போச்சு.

அதோட பன்னெண்டு இன்லண்டு லெட்டர். எல்லாத்துலயும் 56 ஏ.பி.ஓ.ன்னு விலாசம். எந்த ஊர்ல இருக்கேன்னு சிப்பாய் எழுதக் கூடாது. ஆனா மாமா சியாச்சின்ல இருந்தார்னு எங்களுக்குத் தெரியும். 1984 ஏப்ரல்ல நம்ம ராணுவம் ஏறின பனிமலை அது. இருவதாயிரம் அடி உயரத்துலயெல்லாம் காவல் இருக்குது. குளிர் காலத்துல மைனஸ் ஐம்பது வரைக்கும் போகும், மூச்சுக்குக் காத்து பத்தாது, தூக்கம் வராது. தூக்கம் கெட்டா வலிப்பைக் கிளப்பும்னு எந்த நரம்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார். 1990-ல தை மாசம் எழுதின லெட்டர்ல, பருத்திக்கு என்ன வெலை போகுது, எருமை கன்னு போட்டுச்சான்னெல்லாம் கேட்டுட்டு, நடுவுல ரெண்டு வரி. ராத்திரி காவல்ல நின்ன எடத்துலயே விழுந்துட்டேன், ஹெலிகாப்டர்ல கீழ கொண்டாந்துட்டாங்க, இப்ப பரவால்லை, அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்ட வேண்டாம். அதுக்கு முன்னாடி ஏழு வருசத்துல எழுதின எந்த லெட்டர்லயும் அப்படி ஒரு வரி கிடையாது.

படிச்சுக் காட்ட வேண்டாம்னு எழுதின லெட்டரை, படிக்கத் தெரியாத கிழவி பட்டாவுக்கு அடில வெச்சுப் பூட்டியிருக்குது.

போன வருசம் சென்னைல இருக்கற ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துல மனு போட்டாச்சு. 2007-ல சட்டம் போட்டு 2009-ல ஆரம்பிச்ச கோர்ட்டுங்க அது. முன்னயெல்லாம் இதுக்கு ஐகோர்ட்டுக்கே ஓடணும். முப்பது வருசம் லேட்டானாலும் மனு எடுபடும், ஏன்னா பென்சன் மாசா மாசம் வர வேண்டியது, வராத ஒவ்வொரு மாசமும் புதுத் தப்புன்னு 2008-ல தர்செம் சிங் கேஸுல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்குது. ஆனா அதே தீர்ப்புல, பாக்கி மனு போட்ட நாளுக்கு முந்தி மூணு வருசத்துக்குத்தான். மீதி போனது போனதுதான். "முப்பது வருச வெள்ளாமை, மூணு வருச அறுப்பு"ன்னார் மாமா. இருவது சதத்தை ஐம்பதா வெச்சுக் கணக்குப் போடற விதி ஒண்ணு 1996-ல இருந்து இருக்குதாம், ஜெயிச்சா அது சேரும்னாங்க. ஜெயிச்சா வைத்தியத் திட்டத்துலயும் சேரலாம்.

ஜெயிப்போமான்னு கேட்டீங்கன்னா, வக்கீலம்மா கையடிச்சுச் சொல்லலை. இப்ப வரைக்கும் மூணு வாய்தா ஆயிருக்குது. எதிர்த்தரப்பு பதில் போட அவகாசம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாமாவுக்கு அறுவத்தி ஒண்ணு. போன மாசம் அவங்க கோயில் நோம்பில பந்தில ஒருத்தர் சாவியப் பார்த்துட்டு வழக்கம்போல இழுத்தார், "இன்னும் அந்த..."ன்னு. மாமா சோத்துல இருந்து கைய எடுக்காம, "பனில நிக்க வெச்சாங்க, அங்க வந்துச்சு, எழுத்துல இருக்குது"ன்னு சொன்னார். எனக்குத் தெரிஞ்சு ஊர்ல அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உங்க ஊர்ல இப்படி வெளிய வந்தவங்க இருந்தா, வீட்டுப் பெட்டிய ஒரு தடவை பாருங்க. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் மறுப்புக் கடிதம், பழைய லெட்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதையும் கிழிக்க வேண்டாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்குது, யாரைப் பார்க்கணும்னு அங்க கேக்கலாம். 25 வருசம் ஆகறதுக்குள்ள போர்டு நகலை எழுதிக் கேட்டு வாங்கி வெச்சுருங்க.

நேத்து வாழைக்கு முட்டுக் கட்டறதுக்கு மாமா ஒத்தாசைக்கு வந்தார். மேல கட்டறது நான், கீழ கயிறு இழுக்கறது அவர். உயரத்துல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பாதி வரிசை முடிஞ்சப்ப, அன்னூர் டீக்கடை சமாச்சாரத்தைச் சொல்லிட்டேன். ஆறு வருசமாச் சொல்லாம வெச்சிருந்தேன்னும் சொன்னேன். அவர் முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"தெரியும் மாப்ள. அந்த ஆளே அன்னிக்கு எங்கிட்டச் சொன்னான், உங்கக்கா பையனே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்னு."

நான் ஏணில நின்னேன்.

"கயித்தை விடு, இந்தப் பக்கம் சாயுது பாரு. இன்னும் நாப்பது மரம் கெடக்குது."